வகுப்பில் வாசிப்பு நேரம்: எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள் எதைக் கேட்டு வாங்கலாம்?

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்திலும், மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட்டுகளிலும் தமிழ் மீடியத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் பலர், பள்ளியில் கதைப்புத்தகம் கொடுப்பதை டீச்சரின் நல்ல மனசு என்றே நினைக்கிறார்கள். அது சட்டப்படி வரவேண்டியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழும் பத்திரிகையும் கதைப்புத்தகம் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்களும் இருக்க வேண்டும் என்கிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும்.

ஆனால் எந்த மொழியில் என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. நம் பிள்ளைகள் இழப்பது இங்கேதான்.

அதற்குத் துணையாக இரண்டு விதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க வகுப்பில் தாய்மொழியில் கற்க வசதி செய்து தரும்படி மாநிலங்களுக்குச் சொல்கிறது. 1956-ல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும், இயன்ற வரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் நூலக விதியோடு சேர்த்துப் பார்த்தால், தமிழ் மீடிய வகுப்பின் அலமாரியில் தமிழ்க் கதைப்புத்தகம் வேண்டும் என்று கேட்பது முழுக்க நியாயம். ஆந்திரத்தின் நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

பணம் எங்கிருந்து வருகிறது? மத்திய அரசின் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்குக் குறைவு, மேல்நிலை வகுப்புள்ள பள்ளிக்குக் கூடுதல். வாங்கும் பட்டியல் தயாராகும்போது தமிழ்ப் பெற்றோர் ஒருவராவது வாய் திறக்க வேண்டும். இல்லையென்றால் நாலு தமிழ்ப் புத்தகம் வரும், அதிலும் பாதி குறள் உரையும் தலைவர் வரலாறுமாக இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடும். பக்கத்துக்கு நாலைந்து வரி, பெரிய எழுத்து, படம், மொத்தமே இருபது பக்கம் என்றிருக்கிற புத்தகம்தான் அந்த வயதுக்கு வேண்டும். தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்துச் சிறு புத்தகங்கள் போட்டிருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். நேஷனல் புக் டிரஸ்டிடமும் குழந்தை நூல்கள் உண்டு.

இதைக் கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அரசு உதவி பெறும் எய்டட் பள்ளியில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே இருக்கிறது. அங்கே மேனேஜரிடமும் ஹெச்.எம்.மிடமும் பேசத்தான் வேண்டும். மனு எழுத மலையாளம் வராதே என்று தயங்க வேண்டாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது.

புத்தகம் வந்துவிட்டால் மட்டும் போதாது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, பிள்ளைகளைச் சும்மா மௌனமாக வாசிக்க விட்டாலே சரளம் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. வகுப்பறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இருபது நிமிடம் கொடுத்துவிட்டு டீச்சர் ரெஜிஸ்டர் எழுத உட்கார்ந்தால், பின்பெஞ்சில் பாதிப் பேர் படம் பார்த்துப் பக்கம் புரட்டுவார்கள்.

டீச்சர் அந்த நேரத்தில் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். நாளுக்கு மூன்று பேர் போதும். முப்பது பேர் உள்ள வகுப்பை இரண்டு வாரத்தில் ஒரு சுற்று முடித்துவிடலாம். ஒரு பையன் ‘போய்க்கொண்டிருந்தவனுக்கு’ என்ற இடத்தில் விரலை வைத்தபடி நிற்கிறான். ‘போய்க்’ வரை வருகிறது, பிறகு அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறான். டீச்சர் தன் சுண்டுவிரலால் மீதியை மறைத்து, போய், கொண்டு, இருந்தவனுக்கு என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினால் அவனே சேர்த்துச் சொல்லிவிடுவான். தமிழ்ச் சொல் நீளம். எழுத்து எல்லாம் தெரிந்த பிள்ளையும் இங்கே தடுக்கி விழும். இது அரை நிமிட வேலை, ஆனால் பக்கத்தில் இருந்தால்தான் கண்ணில் படும்.

புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். ஒரு பக்கம் வாசித்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அதை வைத்துவிட்டு வேறு எடுக்கட்டும். சின்ன வகுப்பில் முணுமுணுப்பைத் தடுக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லித்தான் அவர்கள் எழுத்தைச் சேர்க்கிறார்கள். வாசித்து முடித்ததும் சுருக்கம் எழுதச் சொல்வதை நான் வேண்டாம் என்பேன். அது வாசிப்பையும் வீட்டுப்பாடம் ஆக்கிவிடும். பக்கத்துப் பிள்ளையிடம் இரண்டு நிமிடம் கதை சொல்லட்டும்.

இன்னொரு தடை, பூட்டிய அலமாரி. புத்தகம் தொலைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயம் ஆசிரியர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது, அவர்களைக் குறை சொல்லி ஆகப்போவதில்லை. கிழிந்ததும் தொலைந்ததும் ஆண்டுதோறும் குழுக் கூட்டத்தில் கணக்கில் எழுதப்படட்டும், அந்தச் சுமையைப் பெற்றோர் சேர்ந்து ஏற்கட்டும். வகுப்புச் சுவரில் ஒரு கயிறு கட்டி, துணி கிளிப்பில் புத்தகங்களை மாட்டிவிட்டால் பிள்ளையின் கைக்கு எட்டும்.

இத்தனை நிமிடம் வாசிக்க விட வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் 2021 ஜூலையில் தொடங்கிய மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து வாசிக்க வேண்டும் என்கிறது. அதற்கான கெடு 2026-27. தினமும் இருபது நிமிடம் கேட்க அதுவே காரணம்.

கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு தினம். கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி.என். பணிக்கரின் நினைவு நாளான அன்று போஸ்டரும் வினாடி வினாவும் நடக்கும். அந்த வாரத்தில் பள்ளிக்குப் போகும் பெற்றோர் ஹெச்.எம்.மிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மூன்றாம் வகுப்பில் எத்தனை தமிழ்க் கதைப்புத்தகம் இருக்கிறது? அடுத்த பட்டியல் எப்போது போடுகிறீர்கள்?