டேபிள் புத்தகத்தில் எது பழசாகும், எது பழசாகாது?

கப்பலின் பிரிட்ஜ் (கப்பலை இயக்கும் அறை) அலமாரியைச் சுத்தம் செய்யும்போது, "பழைய எடிஷன் சார்" என்று நோரீஸ் டேபிள்ஸ் என்னும் கடல்வழிக் கணக்குப் பட்டியல் புத்தகத்தைத் தூக்கிப்போடப் பார்க்கும் இளம் அதிகாரிகள் உண்டு. போன வருட அல்மனாக்கை (சூரியன், நட்சத்திரங்களின் நிலையை நேரவாரியாகத் தரும் வருடாந்திரப் புத்தகம்) விரித்து சூரிய சைட்டுக்கு, அதாவது சூரியனின் உயரத்தை அளந்து கப்பலின் இடத்தைக் கண்டுபிடிக்க, கணக்குப் போடும் கேடட்களும் உண்டு. இரண்டும் ஒரே குழப்பத்தின் இரு பக்கங்கள். 2017 ஜூனில் கருங்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் ஜிபிஎஸ், கப்பல் ஏதோ விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியதே, அப்படி ஒரு நாளில் வானத்தைப் பார்த்துத்தான் இடத்தைக் கணக்கிட வேண்டும்; அப்போது இந்தக் குழப்பம் ஆபத்தாகிவிடும்.

லாக் (மடக்கை), ஹேவர்சைன் (1-லிருந்து கோசைனைக் கழித்துப் பாதியாக்கியது), ஏபிசி (திசை கணக்கிட உதவுவது) டேபிள்கள் எல்லாம் வெறும் கணிதம். தாத்தா காலத்துப் புத்தகத்தில் இருக்கும் எண்தான் இன்றைக்கும். பிரிட்டிஷ் கடற்படைக் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் இன்மன் 1835-ல் ஹேவர்சைன் என்று பெயரிட்டுப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததன் அருமை, கையால் கணக்குப் போட்டவர்களுக்குத்தான் தெரியும். கோசைன் 90 டிகிரியைத் தாண்டினால் மைனஸ் ஆகிவிடும். ஹேவர்சைன் 0 முதல் 180 வரை ஏறிக்கொண்டே போகும், மைனஸ் ஆவதே இல்லை. அதனால் லாக் எடுத்துக் கூட்டிக்கொண்டே போகலாம். கவனம் வேண்டிய இடம் ஒன்றுண்டு: அட்சரேகையும் டெக்ளினேஷனும் (சூரியனோ நட்சத்திரமோ வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே இருக்கும் கோணம்) ஒரே பக்கம் என்றால் கழிக்க வேண்டும், எதிரெதிர் என்றால் கூட்ட வேண்டும். தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

அல்மனாக் அப்படியில்லை, அது வருடத்தோடு முடிந்துவிடும். சூரிய வருடம் 365 நாளோடு நிற்காமல் கூடுதலாக 5 மணி 48 நிமிடம் ஓடுகிறது. மார்ச், செப்டம்பரில் சூரியனின் டெக்ளினேஷன் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஆர்க் மினிட் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, அட்சரேகையில் ஒரு கடல் மைல்) நகரும். போன வருட எண்ணை அப்படியே எடுத்தால் நண்பகல் அட்சரேகையில் ஆறு மைல் வரை தவறும், லீப் வருடம் குறுக்கிட்டால் இன்னும் அதிகம். வேறு வழியே இல்லையென்றால், லீப் வருடம் குறுக்கிடாதபோது, அதே தேதியில் 5 மணி 48 நிமிடம் முந்தைய நேரத்துக்கு எண்ணை எடுத்து, ஜிஹெச்ஏ-வோடு (கிரீன்விச் தீர்க்கரேகையிலிருந்து சூரியன் மேற்கே இருக்கும் கோணம்) 87 டிகிரி கூட்டுங்கள். லீப் வருடம் குறுக்கிட்டால் கணக்கு மாறும். அந்த விவரம் அல்மனாக்கிலேயே அச்சாகியிருக்கிறது, படித்துவிட்டுச் செய்யுங்கள்.

சைட்டுக்கான விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டுத் தரும் பட்டியல் புத்தகங்கள் 249, 229 என்ற எண்களில் உண்டு. நட்சத்திரங்களுக்கான 249 முதல் தொகுதி, பழசாகும் அல்மனாக்குக்கும் பழசாகாத கணிதப் பட்டியலுக்கும் நடுவில். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் வருடத்துக்கு ஏறத்தாழ 50 ஆர்க் செகண்ட் (ஆர்க் மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு) நகர்வு, ஐந்து வருடத்தில் நான்கு மைல் வரை. அதற்கான திருத்தப் பட்டியல் அந்தத் தொகுதியிலேயே இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் தொகுதிகளுக்கும் 229-க்கும் இந்தப் பிரச்சினையே இல்லை.

அச்சில் இருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. ஜான் ஹாமில்டன் மூர் எழுதிய கடல்வழிப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான பிழைகளைக் கண்டுபிடித்துத்தான் அமெரிக்கரான நத்தானியேல் பவுடிச் 1802-ல் தன் புத்தகத்தை வெளியிட்டார். 1800-ஐ லீப் வருடம் என்று எடுத்துக்கொண்டு போட்ட சூரியப் பட்டியலும் மூரின் பிழைகளில் ஒன்று.

உங்கள் கப்பலில் உள்ள பழைய புத்தகத்தில் பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில எண்களைக் கால்குலேட்டரில் சரிபாருங்கள். பிறகு ஜிபிஎஸ் ஒழுங்காக வேலைசெய்யும் ஒரு தெளிந்த நாளில், டேபிளை மட்டும் வைத்து ஒரு சைட்டை முழுதாகக் கணக்கிட்டு, ஜிபிஎஸ் நிலையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை சைட் புக்கில் எழுதிவையுங்கள்.