500 டைரக்டரிக்குப் பணம் கட்டும் முன்

கோவையில் வெட் கிரைண்டர் செய்து விற்கும் ஒருவர் ஒரு எக்செல் ஷீட்டுடன் வந்தார். "500 டைரக்டரியில ஏத்திட்டோம்னு குடுத்தாங்க சார். பணமும் கட்டிட்டேனுங்க. ஒரு போன்கூட வரலைங்க" என்றார்.

டைரக்டரி என்றால் கம்பெனிகளின் பெயர், முகவரி, போன் நம்பரைப் பட்டியல் போடும் இணையதளம். ஷீட்டில் இருந்த லிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதல் பத்தில் நான்கு திறக்கவே இல்லை. ஒன்று முழுக்க ரஷ்ய மொழியில் இருந்தது. இன்னொன்றில் இவருடைய கிரைண்டர் கம்பெனி, ஆன்லைன் சூதாட்ட விளம்பரத்துக்கும் எடை குறைக்கும் மாத்திரைக்கும் நடுவில் இருந்தது. கிரைண்டர் வாங்க நினைக்கும் யார் அங்கே போய்த் தேடுவார்கள்?

டைரக்டரிக்கு ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது உண்மைதான். யாஹூ டைரக்டரியிலும், 1998ல் தொடங்கிய டிமோஸிலும் ஆட்கள் உட்கார்ந்து தளத்தைப் பார்த்துத்தான் சேர்த்தார்கள். அதனால் அங்கிருந்து ஒரு தளத்துக்கு வரும் லிங்குக்கு எடை இருந்தது, கூகுள் தேடலில் அந்தத் தளம் மேலே வர உதவியது. அதைப் பார்த்து, யார் எதைக் கொடுத்தாலும் ஏற்றிக்கொள்ளும் டைரக்டரிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. 2012 ஏப்ரலில் கூகுள் பென்குயின் அப்டேட்டைக் கொண்டுவந்து, இப்படிச் செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்களைத் தேடலில் கீழே தள்ளியது. யாஹூ டைரக்டரி 2014லும் டிமோஸ் 2017லும் மூடப்பட்டுவிட்டன. தரமில்லாத டைரக்டரி லிங்குகளை ஸ்பாம் என்றே கூகுள் தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. இன்றும் அதைத்தான் பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

சரி, ஏற்றியாகிவிட்டது, என்ன செய்வது? பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட லிங்குகளைப் பெரும்பாலும் கூகுள் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்கள் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்' பகுதியைப் பாருங்கள். கூகுள் ஆட்கள் பார்த்துத் தண்டனை கொடுத்திருந்தால் அங்கே தெரியும். அங்கே எதுவும் இல்லை என்றால், லிங்கை நீக்கித் தருகிறோம் என்று வருபவருக்கு இன்னொரு செலவு செய்யாதீர்கள்.

நான் கவலைப்பட்டது வேறொன்றுக்கு. ஷீட்டில் இருந்த போன் நம்பர் அவர் மூன்று வருடம் முன்பு விட்டுவிட்ட நம்பர். முகவரியும் பழைய ஷெட்டுடையது. மக்கள் நிஜமாகவே பார்க்கும் ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் லிஸ்டிங்குகளிலும் அதே தவறு. அழைத்தவர்களெல்லாம் யாரோ ஒருவரிடம் பேசிவிட்டு வைத்திருப்பார்கள். திருத்தலாம் என்றால், லாகின் ஏற்றிக்கொடுத்தவரின் இமெயிலில் இருந்தது.

அதனால் யாரிடம் வேலை கொடுத்தாலும் கணக்கு உங்கள் இமெயில், உங்கள் மொபைலில்தான் இருக்க வேண்டும். முதலில் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடை விவரத்தைக் காட்டும் பக்கம். அது இலவசம். பணம் கட்டாவிட்டால் மேப்பிலிருந்து கடையை எடுத்துவிடுவோம் என்று போன் வந்தால் அது மோசடி, வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தேடும்போது பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது ஆகிய மூன்றையும் கூகுள் பார்க்கிறது. சரியான தொழில் வகையும் நிஜமான ரிவியூக்களும் அங்கே உதவும். அப்புறம் உங்கள் வாடிக்கையாளர் உண்மையில் தேடும் நான்கைந்து இடங்கள், உங்கள் தொழில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், இவை போதும். போர்டில் இருக்கும் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கட்டும்.

அவருடைய லிஸ்டிங்குகளில் ஆறைத் திருத்திவிட்டோம். இரண்டில் உரிமையாளர் தான்தான் என்று நிரூபிக்க ஜிஎஸ்டி சான்றிதழ் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். கூகுள் வெரிஃபிகேஷனுக்கு, ரோட்டிலிருந்து போர்டைக் காட்டிக்கொண்டே ஷெட்டுக்குள் நடந்துபோய், ஓடுகிற லேத் வரை அவரே மொபைலில் வீடியோ எடுத்து அனுப்பினார்.