விமானம் தாமதமா? இழப்பீட்டைத் தூரம்தான் முடிவு செய்கிறது

பாரிசிலிருந்து ரோமுக்கு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரம். ஏதென்சுக்கு ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய காரணத்தால் இரண்டு விமானங்களும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், ரோம் பயணிக்கு 250 யூரோ, ஏதென்ஸ் பயணிக்கு 400 யூரோ இழப்பீடு உண்டு. டிக்கெட்டை 30 யூரோவுக்கு வாங்கியிருந்தாலும் தொகை குறையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி தரும் உரிமை இது. 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ. அதற்கு மேல் ஒன்றியத்துக்குள் பறந்தால் 400. ஒன்றியத்துக்கு வெளியே என்றால் 3,500 கி.மீ. வரை 400, அதையும் தாண்டினால் 600. பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்கு வருபவர் இந்தக் கடைசிப் பிரிவு. எந்த நாட்டு விமானத்தில் ஏறினாலும் சரி. சென்னையிலிருந்து திரும்பும்போது மட்டும் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருக்க வேண்டும். பயணி எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்வியே எழாது.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடுதான் கணக்கு. விமானம் சுற்றிப் போனது சேராது. ரோமிலிருந்து பிரசெல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்ற பயணிகளின் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்கள் பறந்தது 1,656 கி.மீ.; நேர்த்தூரம் 1,326 கி.மீ. நேர்த்தூரமே செல்லும் என்று 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 400 கேட்டவர்களுக்கு 250-தான்.

நேரக் கணக்கு பயணிக்குச் சாதகமானது. சால்ஸ்பர்கிலிருந்து கொலோன் போன ஒரு விமானத்தின் சக்கரம் தரை தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். கதவு திறந்து பயணிகள் வெளியேறலாம் என்ற கணமே வந்துசேர்ந்த நேரம் என்று 2014-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கதவு திறக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் 250 யூரோ இருக்கலாம்.

புயல், பறவை மோதல் போன்ற அசாதாரணச் சூழலில் இழப்பீடு கிடையாது. இயந்திரக் கோளாறு பெரும்பாலும் அசாதாரணம் ஆகாது. நிறுவனத்தின் சொந்த விமானிகள் செய்யும் வேலைநிறுத்தமும் ஆகாது. இந்தச் சாக்குகளைக் கேட்டுப் பலர் பேசாமல் திரும்பிவிடுவதுதான் வருத்தம். ரத்து என்றால், 14 நாள் முன்பே அறிவித்திருந்தால் இழப்பீடு இல்லை. டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை அப்போதும் உண்டு.

சாப்பாடு வேறு கணக்கு. புறப்பாடு தாமதமாகும் என்று தெரிந்தால் ரோம் விமானத்துக்கு இரண்டு மணி நேரத்திலும் ஏதென்ஸ் விமானத்துக்கு மூன்று மணி நேரத்திலும் உணவும் பானமும் தர வேண்டும். மறுநாள்தான் கிளம்பும் என்றால் ஹோட்டல் அறையும் அங்கே போய்வர வண்டியும் சேரும். புயலே அடித்தாலும் இந்தக் கடமை நிறுவனத்துக்கு உண்டு. இழப்பீட்டுக்குப் பதிலாக வவுச்சர் நீட்டினால், நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும்.