ஊறலைக் காய்ச்சும் முன் ஈஸ்ட் கசடை நீக்க வேண்டுமா?

நொதித்து முடிந்த ஊறலை, ஆல்கஹாலைக் கொதிக்க வைத்துப் பிரிக்கும் வடிகோபுரத்துக்கு அனுப்பும் முன், வேலை முடிந்த ஈஸ்டைப் பிரித்தெடுக்க வேண்டுமா, அப்படியே அனுப்பலாமா? டெல்டா மாவட்டங்களின் வடிப்பாலைகளுக்கு ஆலோசனைக்காகச் செல்லும்போது புதிதாகச் சேர்ந்த ஷிஃப்ட் கெமிஸ்டுகள் என்னிடம் தவறாமல் கேட்பது இது. மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப்பாகு) என்றால் பிரிக்க வேண்டும். அரிசி என்றால் பிரிக்கத் தேவையில்லை. எதுவானாலும் பிரிப்பதற்காக ஊறலைக் காத்துக் கிடக்க விடக் கூடாது என்பதே என் பதில். இவற்றுள் மூன்றாவதைத்தான் பலரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. (உரிமம் பெற்ற ஆலைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வீட்டிலோ தோப்பிலோ காய்ச்சுவது 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.)

மொலாசஸ் ஊறலின் அடியில் தங்குவது ஈஸ்ட் மட்டுமன்று. நம் சர்க்கரை ஆலைகள் பெரும்பாலும் கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பும் கந்தக டை ஆக்சைடும் சேர்த்தே தெளிய வைக்கின்றன. அந்தக் கால்சியமும் கந்தகமும் மொலாசஸோடு வடிப்பாலைக்கு வந்து, கால்சியம் சல்ஃபேட்டாகவும் வேறு உப்புகளாகவும் ஈஸ்ட் செல்களோடு கலந்து படிகின்றன. 100 மில்லி அளவுக்குழாயில் ஊறலை ஊற்றி அசையாமல் வைத்தால், மேலே அடர்பழுப்பான நீரும் கீழே சாம்பல் பூத்த மங்கிய சேறும் பிரிந்து நிற்கும். அந்தச் சேற்றைச் சிறிது எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால், வழவழப்பின் நடுவே நறநறவென்று நெருடும். வழவழப்பு ஈஸ்டினுடையது, நெருடுவது உப்பு.

இந்த உப்புதான் வடிகோபுரத்தின் முதல் பகை. கால்சியம் சல்ஃபேட் வெப்பம் கூடக்கூடக் குறைவாகக் கரையும் பொருள். அதனால் நொதிகலனில் 32, 33 பாகை செல்சியஸில் கரைந்திருந்ததும்கூட, கோபுரத்தின் கொதிநிலையை அடைந்ததும் வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் படிவதைப் போலத் உள்ளே அடுக்கியுள்ள துளைத்தட்டுகளிலும், அடியில் ஊறலைச் சூடேற்றும் ரீபாய்லரின் குழாய்களிலும் ஒட்டிக்கொள்கிறது. கசடோடு சேர்த்து அனுப்பினால், வெந்த ஈஸ்டின் புரதம் அந்தப் படிவைப் பசையாகப் பிடித்துவைக்கிறது. தட்டின் துளைகள் அடைபடும்போது நீராவிச் செலவு ஏறுவதோடு, மேலே போக வேண்டிய ஆல்கஹாலில் ஒரு பங்கு அடியில் வெளியேறும் கழிவு ஊறலோடு போய்விடுகிறது. வெற்றிடத்தில் இயங்கும் கோபுரங்களில் வெப்பம் குறைவாதலால் படிவு மெதுவாகச் சேரும், சேராமல் இருக்காது.

அடுத்தது மணம். சூடேறும்போது ஈஸ்ட் செல்கள் உடைந்து கொழுப்பு அமிலங்களையும் அமினோ அமிலங்களையும் கந்தகச் சேர்மங்களையும் ஊறலில் விடுகின்றன. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு இது பெரிய குறையன்று. மணமே இருக்கக் கூடாத நியூட்ரல் ஸ்பிரிட்டுக்கு, அழுகிய முட்டையின் சாயல் இலேசாகத் தெரிந்தாலும் சரக்குத் திரும்பி வரும். கசடோடு காய்ச்சினால் சாராயம் விஷமாகும் என்ற பேச்சு நம் பக்கத்தில் உண்டு, அதில் உண்மையில்லை. ஈஸ்ட் மெத்தனால் என்ற நச்சை உண்டாக்குவதில்லை. பழங்களிலுள்ள பெக்டின் சிதைவதால் வரும் மெத்தனாலும் சிறிதளவே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் சேர்க்கப்பட்ட மெத்தனால்.

இனி நேரத்துக்கு வருவோம். கசடு நன்றாக அடியில் தங்கட்டும் என்று நொதித்து முடிந்த ஊறலை ஒரு நாள், இரண்டு நாள் நிறுத்திவைக்கும் பழக்கத்தைப் பார்க்கிறேன். சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் குளிரூட்டும் கோபுரத்து நீரே வெதுவெதுப்பாக இருக்கும்போது, சர்க்கரை தீர்ந்த ஊறலில் ஈஸ்ட் தன்னைத்தானே செரித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்: உயிருள்ள செல்கள் நிறமற்று நிற்கும், செத்தவை நீலமாகும். நீலம் பெருகியிருக்கும் ஊறலில், எதைத் தவிர்ப்பதற்காகக் கசடைப் பிரிக்கிறோமோ அது ஏற்கெனவே கரைந்து கலந்துவிட்டது. லாக்டிக் அமில பாக்டீரியாவும் அதை உண்டு பெருகும். அத்தகைய ஊறலைத் தெளிய வைத்து அனுப்புவதைவிட, நொதித்து முடிந்த உடனே கசடோடு அனுப்பிவிடுவது மேல். செட்லிங் தொட்டியிலோ (கசடு படியவிடும் தொட்டி), சுழற்றிக் கசடைப் பிரிக்கும் டிகான்டரிலோ சில மணி நேரத்தில் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள். பிரேசிலின் ஆலைகளைப் போல மையவிலக்கியில் ஈஸ்டைப் பிரித்து, கந்தக அமிலத்தில் கழுவி மறுபடி நொதிகலனுக்கு அனுப்பும் முறை கரும்புச் சாற்றுக்கு நன்றாக ஒத்துவரும். கசடு மிகுந்த நம் மொலாசஸில் அந்த இயந்திரத்தின் துளைகள் ஓயாமல் அடைத்துக்கொள்ளும்.

குருணையோ உடைந்த அரிசியோ ஊறப்போடும் ஆலைகளில் கதை வேறு. மாவின் நாரும் புரதமும் ஈஸ்டும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும், உப்பும் குறைவு. எல்லாவற்றையும் கோபுரத்தில் ஏற்றி, அடியில் வருவதை டிகான்டரில் பிழிந்து உலர்த்தினால் கால்நடைத் தீவனமாகிறது. ஈஸ்டின் புரதமும் அதில் சேர்வது லாபம்தான். ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கி ஊறலும் ஈஸ்டோடுதான் காய்ச்சப்படுகிறது. பிரான்சின் கொன்யாக் பிராந்தி வடிப்பவர்களில் சிலர் மணத்துக்காகவே கசடை விட்டுவைப்பார்கள். செப்புக் கலனில் வடிக்கும் அவர்களுக்குக் கந்தகத்தைச் செம்பு பிடித்துக்கொள்ளும்.

பிரித்தெடுத்த கசடு குப்பையன்று. 2 லட்சம் லிட்டர் ஊறலில் 10,000 லிட்டர் அடிக்கசடாக வந்தால், அதிலிருக்கும் நீர் 8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஊறலே. அதை அப்படியே கொட்டினால் 800 லிட்டர் வரை ஆல்கஹாலைச் சாக்கடையில் விடுகிறோம் என்று பொருள். தண்ணீர் கலந்து கழுவிப் பிழிந்து, கழுவிய நீரைக் காய்ச்சும் ஊறலிலேயே சேர்க்க வேண்டும். பிழிந்த கசடு, சர்க்கரை ஆலையின் பிரஸ்மட்டோடு (சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் சேறு) சேர்ந்து உரமாகும். இதைச் சோம்பலால் குழியில் தேக்கிவைத்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் மெதுவாக ஓடும் நம் சமவெளியில் குழி நிரம்பி வாய்க்காலில் இறங்கும்; நீரிலுள்ள உயிர்க்காற்றைக் கசடு உறிஞ்சிக்கொள்ள, மறுநாள் மீன்கள் மிதக்கும்.

கசடை நீக்குவது என்ற பெயரில் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நொதிகலனில் தங்கும் கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேல் மூடியைத் திறந்துவிட்டாலும் அடியிலேயே கிடக்கும். தேங்கிய கசடுக் குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்ததும் மூக்கு மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைத்துக்கொள்வார். உள்ளிருந்தே பீய்ச்சிக் கழுவும் குழாய்களைப் பொருத்திவிட்டால் ஆள் இறங்கும் தேவையே குறைந்துவிடும். இறங்கியே ஆக வேண்டுமென்றால், அடிவால்வைத் திறந்து காற்றைத் தள்ளி, வாயுமானியை அடிவரை இறக்கி அளந்து, இடுப்பில் கயிறு கட்டிய பிறகே இறக்க வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்து நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது: கீழே இருப்பவர் மயங்கினால் நீ இறங்காதே, கயிற்றை இழு.