உலையில் அரிசிக்கு என்ன நேர்கிறது?

கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போன பிள்ளைகள் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்கும் முதல் சமையல் கேள்வி அநேகமாக இதுதான்: "ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர்?" தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் இதற்குச் சட்டென்று விடை வராது. "என்ன அரிசி? பச்சையா, புழுங்கலா? பழசா, புதுசா?" என்று அப்பாயி திருப்பிக் கேட்பார். கேட்ட பிள்ளைக்கு எரிச்சல் வரலாம். உணவு வேதியியல் படித்தவரிடம் போனாலும் அவர் இதே கேள்விகளைத்தான் கேட்பார். அரிசி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது அடுப்படிக்கு வருவதற்கு முன்பே, வயலிலும் ஆலையிலும் பத்தாயத்திலும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

தீட்டிய அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்துதான். கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாக அது அரிசிக்குள் இறுகக் கிடக்கிறது. குளிர்ந்த நீரில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அரிசி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரம் வரைதான் ஏற்கும். அதற்கு மேல் நுண்மணிகள் இடம்கொடுப்பதில்லை. வெப்பநிலை 65, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் அவற்றின் கட்டமைப்பு தளர்ந்து, தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கூழ்மமாகின்றன. வெந்த சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். இந்த மாற்றம் வெளியிலிருந்து உள்ளே மெல்ல நகர்கிறது. அரை மணி நேரம் ஊறிய அரிசி சீக்கிரம் வேகும் காரணம் இதுதான்: சூடு உள்ளே போவதற்கு முன்பே நடுப்பகுதியில் தண்ணீர் காத்திருக்கிறது.

கொதிக்கும் உலையிலிருந்து கரண்டியில் நாலு பருக்கை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். ஓரம் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். நடுவில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு கோடோ புள்ளியோ தெரியும். அந்த வெள்ளைதான் இன்னும் கூழ்மமாகாத மாவுச்சத்து. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் அது சிறுத்திருக்கும். நெல் ஆய்வகங்களிலும் வேகும் நேரத்தை இப்படித்தான் அளக்கிறார்கள்: பத்துப் பருக்கைகளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கி, ஒன்பதில் வெள்ளை மறைந்துவிட்டால் வெந்ததாகக் கணக்கு. புள்ளி ஊசிமுனையளவு இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். மூடி வைத்த பானையில் மிச்சச் சூடே அதையும் முடித்துவிடும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்கிறோம். வடிக்கும் பானைக்கு அது சரியான இயற்பியல். அடியில் சூடான தண்ணீர் மேலேறி, மேலே உள்ளது கீழிறங்கி, பருக்கைகளையும் சேர்த்துச் சுழற்றுவதால் எல்லாப் பருக்கைக்கும் ஒரே சூடு, ஒரே தண்ணீர் கிடைக்கிறது. தண்ணீரை அளந்து ஊற்றிச் சுண்டவைக்கும் பாத்திரத்தில் இந்தப் பழமொழி செல்லாது. தண்ணீர் வற்றியதும் சுழற்சி நின்றுவிடும். அடி குழைந்து மேல் நறுக்கரிசியாக நிற்கலாம்.

அதனால்தான் சமைக்கக் கற்பவர்கள் முதலில் குக்கரைத் தொடாமல் சோறு வடிக்கக் கற்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். குக்கர் மூடிய பெட்டி. உள்ளே நடப்பது தெரியாது. வடிக்கும்போது தண்ணீர் தாராளமாக இருப்பதால் அளவுக் கவலை போய்விடுகிறது. நேரத்தை மட்டும் பருக்கையைப் பார்த்து முடிவுசெய்தால் போதும். அளந்து வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரிசி இரண்டு மடங்கானால் அது குடிக்கும் தண்ணீரும் இரண்டு மடங்காகும். ஆவியாகப் போகும் தண்ணீர் அப்படி ஏறாது. அது பாத்திரத்தின் வாயகலத்தையும் மூடியையும் நேரத்தையும் பொறுத்தது. இருவருக்கு வைத்த கணக்கை அப்படியே பெருக்கி எட்டுப் பேருக்கு வைத்தால் சோறு குழைவது இதனால்தான்.

இனி அப்பாயி கேட்ட கேள்விகளுக்கு வருவோம். மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு: பெரும்பாலும் கிளையற்ற நீண்ட சங்கிலியான அமைலோஸ், அடர்ந்த கிளைகள் கொண்ட அமைலோபெக்டின். அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல் உள்ள ரகங்கள் பொலபொலவென்று உதிரும். குறையக் குறைய ஒட்டும். 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புதிய ரகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது விளைச்சலோடு சமைக்கும் தன்மையையும் சோதிப்பது இதற்காகத்தான்.

புதிய அரிசி குழைவதற்குக் காரணம் வேறு. தை மாதம் அறுவடையான சம்பா நெல்லை உடனே குத்திப் பொங்கினால் பருக்கைகள் தாமாகவே கரைந்து ஒன்றோடொன்று சேரும். பொங்கலுக்கு வேண்டியதும் அதுதான். அதே நெல்லை ஆறு மாதம், ஒரு வருடம் மூட்டையில் வைத்தால் உள்ளே வேதியியல் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். புரதங்களுக்கிடையே கந்தகப் பிணைப்புகள் பெருகி, மாவுச்சத்து மணிகளைச் சுற்றி ஒரு வலை இறுகுகிறது. செல்சுவர்களும் உறுதிப்படுகின்றன. பழைய அரிசி அதிகத் தண்ணீர் குடித்தும் உடையாமல் நீளமாக விரிவதும், கஞ்சியில் குறைவாகக் கரைவதும் இதன் விளைவு. கடைக்காரர் பழைய அரிசிக்குக் கூடுதல் விலை கேட்பதில் நியாயம் இருக்கிறது.

புழுங்கலரிசி ஏற்கெனவே ஒருமுறை வெந்த அரிசி. ஆலையில் நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்துப் பிறகு தீட்டுகிறார்கள். அவியும்போது கூழ்மமான மாவுச்சத்து ஆறும்போது மீண்டும் இறுகிக் கெட்டியாகிறது. பச்சரிசி பதினைந்து நிமிடத்தில் வேகும் என்றால் புழுங்கல் அரை மணி வரை இழுப்பது இதனால்தான். இதில் பெரிய நன்மையும் உண்டு. தவிட்டிலுள்ள தயமின் என்ற பி1 வைட்டமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்கு நகர்ந்துவிடுவதால், தீட்டும்போது முழுவதும் தவிட்டோடு போய்விடுவதில்லை. வடிக்கும்போது அதில் ஒரு பங்கு கஞ்சிக்குப் போகிறது. கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள், உப்பும் மோரும் சேர்த்துக் குடியுங்கள்.

சோறு கைவந்ததும் அடுத்தது பருப்பு. கடலோரக் கடைமடை ஊர்களில் போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது. பருப்பின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டினை வெப்பம் கரைக்க முயல, தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதை இன்னும் இறுக்கிக் கட்டுகின்றன. புளியின் அமிலமும் பெக்டின் கரைவதைத் தடுக்கும். பருப்பு மசிந்த பிறகு, காய் முக்கால் பதம் வெந்த பிறகு புளிக்கரைசலை ஊற்றுவதற்கு இதுவே காரணம். குக்கர் இங்கே உண்மையில் உதவும்: அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை சூடாவதால் பிடிவாதமான பருப்பும் மசியும்.

மிஞ்சிய சோற்றில் மட்டும் அலட்சியம் கூடாது. பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் சோற்றில் தங்கும். வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோற்றை அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் எடுத்தால் விறைத்திருக்கும்; குளிரில் மாவுச்சத்துச் சங்கிலிகள் மறுபடி வரிசைகட்டிக்கொண்டதன் அடையாளம் அது. இரண்டு கை தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி நன்றாகக் கிளம்பும் வரை சூடாக்கினால் அமைலோபெக்டின் இளகிச் சோறு பழைய மென்மைக்கு ஏறக்குறைய திரும்பிவிடும்.