பக்கவாதத்துக்குப் பிறகு கை எப்படித் திரும்புகிறது?

பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், பல வீடுகளில் அவர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள். கைக்குப் பலம் வரட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்தால், பல நேரம் முதல் வேலையாக அந்தப் பந்தை எடுத்து வைக்கச் சொல்வார்.

கையில் தசையும் எலும்பும் நன்றாகத்தான் இருக்கின்றன. ரத்தக்குழாய் அடைப்போ ரத்தக்கசிவோ சேதப்படுத்தியது, அந்தக் கைக்கு உத்தரவு அனுப்பும் மூளைப் பகுதியை. முதல் சில நாட்கள் அல்லது வாரங்கள் கை துவண்டு கிடக்கும். அப்புறம் பலருக்கு மெல்ல இறுக்கம் ஏறும். முழங்கை மடங்கும், மணிக்கட்டு உள்பக்கம் வளையும், விரல்கள் உள்ளங்கையைப் பொத்திக்கொள்ளும். கையைத் தூக்கச் சொன்னால் தோள், முழங்கை, விரல் எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து மடங்கும். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிக்னே புருன்ஸ்ட்ராம் என்ற பிசியோதெரபிஸ்ட் இந்த வரிசையைக் கூர்ந்து கவனித்துப் படிநிலைகளாக வகுத்தார். நோயாளி எந்தப் படியில் இருக்கிறார் என்று இன்றும் அதை வைத்துக் குறிப்பவர்கள் உண்டு.

விரல் மூடுவது பெரும்பாலும் முதலில் திரும்பிவிடும். திறப்பதுதான் சிரமம். பந்தை அமுக்க அமுக்க, ஏற்கெனவே இறுகியிருக்கும் பக்கத்துக்கே பயிற்சி போகிறது. அதனால் பிசியோதெரபிஸ்ட் ஒரு காலி டம்ளரை மேசைமேல் வைத்து, பிடிப்பதைவிட விடுவதற்கே அதிக நேரம் கொடுப்பார். டம்ளரை எட்டும்போது நோயாளி தன்னையறியாமல் இடுப்பிலிருந்து உடம்பையே முன்னால் சாய்ப்பார். வேலை முடிந்துவிடும், ஆனால் முழங்கை நீண்டிருக்காது. முதுகு நாற்காலியிலேயே இருக்கும்படி பிடித்துக்கொண்டு மறுபடி செய்யச் சொல்வார்.

தோளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோள்மூட்டு, சின்னத் தட்டின் மேல் பெரிய உருண்டையை வைத்த மாதிரி அமைப்பு. சுற்றியுள்ள தசைகள்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. தசை துவண்டிருக்கும்போது கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கிவிடும். அந்த நேரத்தில் பாதிக்கப்பட்ட கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்துத் தூக்கியோ எழுப்பினால், மாதக்கணக்கில் தோள்வலி தங்கிவிடக்கூடும். உட்கார்ந்திருக்கும்போது முன்னங்கைக்குக் கீழே தலையணை வைப்பது சின்ன விஷயம்தான், ஆனால் தவறக்கூடாது.

சரி, சேதமான இடம் திரும்ப முளைக்காதே, பிறகு எப்படி அசைவு வருகிறது? 1996-இல் ராண்டால்ப் நூடோ குழுவினர் அணில் குரங்குகளிடம் இதைப் பார்த்தார்கள். மூளையில் கைக்கான பகுதியில் சிறு சேதம் ஏற்படுத்திவிட்டு, குட்டிக் குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை அந்தக் கையாலேயே எடுக்கப் பழக்கினார்கள். சேதத்தை ஒட்டிப் பிழைத்திருந்த பகுதி கைக்கான வேலையைத் தக்கவைத்துக்கொண்டது. சில குரங்குகளில், முன்பு முழங்கைக்கும் தோளுக்கும் இருந்த இடம்கூடக் கைக்கு வந்தது. பயிற்சி இல்லாத குரங்குகளிலோ மிச்சமிருந்த கைப்பகுதியும் சுருங்கியிருந்தது.

இதற்கு எண்ணிக்கை வேண்டும். விலங்குச் சோதனைகளில் ஒரே அசைவு நாளுக்கு நூற்றுக்கணக்கில் நடக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை நேரங்களைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், கைக்கான செயல்முறைப் பயிற்சி ஒரு அமர்வுக்குச் சராசரியாக 32 தடவைதான். நம் வீடுகளில் இந்தக் குறை இன்னும் கூடுதலாக இருக்கும் என்றே நினைக்கிறேன். நோயாளி கை நீட்டுவதற்குள் பாசத்தோடு நாமே தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

நோயாளியும் இதற்குப் பழகிவிடுவார். பாதித்த கையால் முயன்றால் தோல்வி, நல்ல கையால் செய்தால் வேலை முடிகிறது. பிறகு கொஞ்சம் அசைவு திரும்பினாலும் அந்தக் கையை மறந்தே போவார். எட்வர்ட் டாப் என்ற உளவியல் ஆய்வாளர் இதைக் 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்று விளக்கினார். அவர் வகுத்த சிகிச்சையில் நல்ல கைக்கு உறை மாட்டிவிடுவார்கள், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம், இரண்டு வாரம். பாதித்த கைக்கு நாளுக்கு ஆறு மணி நேரம் வரை தீவிரப் பயிற்சி. 2006-இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் இதைச் சோதித்தார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள், ஓராண்டு கழித்தும் அது நிலைத்தது. மூன்று மாதம் ஆகிவிட்டது, இனி வராது என்று கைவிடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது விரிக்க முடிந்தவர்களுக்கே இது பொருந்தும். அசைவே இல்லாதவர்களுக்குக் கண்ணாடி உதவலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் மாய உறுப்பு வலிக்காக, அதாவது இல்லாத கையில் உணரும் வலிக்காக, கொண்டுவந்த முறை இது. இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, பாதித்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்தபடி பிம்பத்தைப் பார்க்க வேண்டும். பாதித்த கையே அசைவதுபோலத் தெரியும். வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் ஓரளவு பலன் தருகிறது.

வீட்டில் தாங்களாகவே நல்ல கையைக் கட்டிப் பார்க்க நினைப்பவர்கள், முதலில் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போதும் வெந்நீர், அடுப்பு அருகிலும் உறை இருக்கக்கூடாது. தடுமாறினால் சட்டென்று பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் வேண்டும்.