வியர்வை காயாத கரையும் காய்ந்து மறையும் பாலையும்

இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ராஜஸ்தானுக்குச் சுற்றுலா போய்வருகிறவர்கள் ஊர் திரும்பியதும் சொல்லும் முதல் செய்தி பெரும்பாலும் இதுதான்: “அங்கே 42 டிகிரி வெயில். ஆனால் வியர்க்கவே இல்லை.” இங்கே தனுஷ்கோடியில் 33 டிகிரிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்போது அங்கே எப்படி வியர்க்காமல் இருந்தது என்று கேட்பவர்களும் வியந்துபோவார்கள்.

அங்கேயும் வியர்த்தது. இங்கே வியர்ப்பதற்குக் குறையாமல் வியர்த்திருக்கும். தோலில் சுரந்த வேகத்திலேயே காற்று அதை உறிஞ்சிவிட்டதால் கண்ணில் படவில்லை. வியர்க்கவில்லை என்று நம்பி ஒரே ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு மணற்குன்றுகளுக்குள் நடக்கப் போகிறவர் ஆபத்தை நோக்கி நடக்கிறார். நம் கரையில் பழகிய கண்ணும் தோலும் பாலைவனத்தில் தவறான கணக்குச் சொல்லும் என்பதைப் பயணம் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கை உடம்பிலிருந்து தொடங்கலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் தார்ச்சாலையில் மிதமான வேகத்தில் நடந்தால் அது 250 வாட்டை நெருங்கும். அதே வேகத்தில் உலர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் ஆவதைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அடியிலும் நாம் தரையை உந்துகிறோம்; உலர்ந்த மணலில் அந்த உந்துதலில் ஒரு பங்கு உடம்பை முன்னே தள்ளாமல் மணலைப் பின்னே தள்ளுவதிலேயே கழிந்துவிடுகிறது. ஆக, மணல் நடை என்றால் 500 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். இதற்கு மேல் வெயில் தருவது தனி.

காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் கொஞ்சம் வெப்பம் தானாகவே வெளியேறும். வெயிலில் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதற்கு மேல் சூடாகிவிட்டால் அந்த வழி அடைபடுவதோடு, காற்றே நமக்கு வெப்பம் ஊட்டத் தொடங்கும். அப்போது மிஞ்சியிருக்கும் ஒரே வாசல் வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 500 வாட்டைச் சமாளிக்க மணிக்கு முக்கால் லிட்டர் வியர்வை போதும். ஆனால் அந்த முக்கால் லிட்டரும் ஆவியாகியிருக்க வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டி மணலில் விழுந்த துளி உடம்பைக் குளிர்விக்காது. அது வீணாய்ப் போன தண்ணீர்.

வியர்வை எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதை வெயிலின் உக்கிரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வாலிநோக்கம் உப்பளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் ஒரே மாதிரி அடித்தாலும், வறண்ட மேல்காற்று வீசும் நாட்களில் பாத்தி சீக்கிரம் விளையும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் விளைச்சல் தாமதப்படும். நம் தோலும் அப்படி ஒரு பாத்திதான். தோலை ஒட்டியிருக்கும் நீராவியின் அழுத்தத்துக்கும் காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவியின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே ஆவியாதலை இழுத்துச் செல்கிறது.

எண்களில் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். 35 டிகிரியில் நனைந்திருக்கும் தோலில் நீராவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். 33 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கரைக் காற்றில் அது 3.8 அளவில் இருக்கும். வித்தியாசம் 2க்கும் குறைவு. 42 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள பாலைவனக் காற்றிலோ நீராவி அழுத்தம் வெறும் 1.2. வித்தியாசம் 4.4. காற்றின் வேகம் ஒன்றாக இருந்தால் பாலைவனம் வியர்வையை இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் இழுக்கிறது. இதையே வேறு விதமாகவும் அளக்கலாம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்தால் அந்தக் கரைக் காற்றில் அது 29 டிகிரியில் நிற்கும். அந்தப் பாலைவனக் காற்றிலோ 22 டிகிரி வரை இறங்கிவிடும். இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை 35ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரின் உடம்பும் வெப்பத்தை வெளியேற்ற முடியாது என்பது கோட்பாட்டு எல்லை. மனிதர்களை வைத்துச் செய்த சோதனைகளில் உண்மையான எல்லை அதற்கும் கீழேயே இருப்பது தெரியவந்திருக்கிறது.

மழை அளவை வைத்து வறண்ட மாவட்டம் என்று பெயர் வாங்கிய நிலம் நம்முடையது. மண்தான் வறண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் கடல் இருக்க, காற்று வறள வழியே இல்லை. தனுஷ்கோடியில் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி, நிலம் முடியும் அரிச்சல்முனை நோக்கி நடக்கிறவரைக் காப்பாற்றுவது காற்றின் வேகம். தோலை ஒட்டி ஈரமாகித் தேங்கும் காற்றுப் படலத்தை அது ஓயாமல் துடைத்தெடுக்கிறது. தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வீசும்போது வெயில் தாங்கக்கூடியதாகத் தெரிவதும், காற்று ஓய்ந்த அரை மணி நேரத்தில் தலை சுற்றுவதும் இதனால்தான். ஆகவே இங்கே நிழலைத் தேடுகிறவர் காற்றையும் சேர்த்துத் தேட வேண்டும். 1964 டிசம்பர் புயல் சிதைத்த தேவாலயத்தின் சுவர்களுக்குள் நிழல் உண்டு, ஆனால் சுவர் காற்றை மறிக்கும் பக்கம் புழுக்கம். அடர்ந்த சவுக்குத் தோப்பின் நடுவிலும் அப்படித்தான். தனியாக நிற்கும் குடைவேல மரத்தடி இவற்றைவிட மேல்.

பாலைவனத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா விரிந்திருக்கிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் என்னும் பெரிய தரைப்பறவையைப் பார்க்க முக்கியமான இடம் அது. அங்கே வியர்வை ஆவியாவதில் தடையே இல்லை, தட்டுப்பாடு தண்ணீருக்குத்தான். கோடையில் வீசும் ‘லூ’ என்னும் அனல்காற்று 45 டிகிரி வெப்பத்தோடு வெற்றுத் தோலில் மோதும்போது, வியர்வையை ஆவியாக்கிக்கொண்டே வெப்பத்தையும் ஏற்றுகிறது. அதனால் முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையும் அங்கே அவசியம். பாலைவன மக்களின் தளர்ந்த அங்கிகளைப் பற்றி 1980இல் ஓர் ஆய்வு வெளியானது. பெடூயின் என்னும் அரபு நாடோடி மக்கள் அணியும் கறுப்பு அங்கியை வெள்ளை அங்கியோடு ஒப்பிட்டபோது, தோலை அடையும் வெப்பத்தில் வேறுபாடு இல்லை. துணியில் தங்கும் கூடுதல் வெப்பம், தளர்ந்த அங்கிக்குள் ஓடும் காற்றோடு வெளியேறிவிடுகிறது. நிறத்தைவிடத் தொளதொளப்பே முக்கியம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அங்கே நடந்து முடித்தவரின் சட்டையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரமே இருக்காது. ஆனால் அக்குளிலும் முதுகிலும் தோள்பை அழுத்திய இடத்திலும் அலை அலையாக வெள்ளைக் கோடுகள் இருக்கும். எல்லாம் உப்பு. தண்ணீர் போன பிறகு தங்கிவிட்ட உப்பு. கழுத்தைத் தடவினால் மணல்போல நறநறக்கும். எவ்வளவு வியர்த்தது என்பதற்கு அந்தச் சட்டைதான் சாட்சி.

போன உப்பையும் திருப்பித் தர வேண்டும். மணிக்கணக்கில் வியர்த்தவர் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், தலைவலி, குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகக்கூடிய நிலை அது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பூங்காவில் நடப்பவர்களிடம் உப்புத் தின்பண்டங்களையும் கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான். நம் வீடுகளில் உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் காலங்காலமாகச் செய்துவருவதும் இதே வேலையைத்தான். பாலைவனத்துக்கு எடுத்துப் போக ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வசதி. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குக் குறையக் கூடாது. தாகம் பின்தங்கியே வரும். சிறுநீர் கடும் மஞ்சளாகிவிட்டால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள்.

இனி காலுக்குக் கீழே. உச்சி வெயிலில் உலர்ந்த மணலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். ஆனால் தனுஷ்கோடி மணல்மேட்டில் கணுக்கால் புதைய ஒரு அடி வைத்தால் மேலே பாதம் சுட்டெரிக்க, அடியில் விரல்களுக்குக் குளுமை தட்டும். மணல் துகள்களுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தைக் கீழே கடத்துவதில்லை. மேல்தோல் மட்டும் கொதிக்கிறது. பங்குனி ஆமை ஒன்றரை அடி ஆழத்தில் முட்டையிடுவதும் இதே பாதுகாப்பை நம்பித்தான். அந்த ஆழத்தின் வெப்பநிலையே குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது என்பதால், மணல் சூடேறுவது ஆமைகளுக்குச் சின்ன விஷயம் இல்லை. தார்ப் பாலைவனத்தில் முள்வால் பல்லி உச்சி வெயிலில் வளைக்குள் ஒதுங்குவதும் இதே கணக்குதான்.

ஈரமணலின் கதை வேறு. துகள்களுக்கு இடையே பாலம்போல நிற்கும் நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அதனால் கால் புதைவதில்லை. நீர் வெப்பத்தைக் கீழே கடத்துவதோடு ஆவியாகிக் குளிர்விக்கவும் செய்கிறது. அலை வந்து போகும் ஓரத்தில், பெண் கடல் என்று இங்கே சொல்லும், அலை அடங்கிய பாக் நீரிணைப் பக்கமாக நடந்தால் பாதி உழைப்பு மிச்சம். பாலைவனத்தில் இந்த வசதி கிடையாது. அங்கே காற்று வரும் பக்கத்துச் சரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்று அடித்து அடித்து இறுக்கிய மணல் அது. மறுபக்கம் மணல் உதிர்ந்து விழுந்து ஏறத்தாழ 34 டிகிரி சாய்வில் நிற்கும் சரிவு. அதில் ஏறுவது இரண்டடி வைத்து ஓரடி சறுக்கும் வேலை. நம் கரையில் மேடுகளைக் கட்டிப்பிடித்திருப்பவை அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அவற்றை மிதித்துக் குறுக்கே வழி போடாதீர்கள். 2025இல் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காகச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. மேட்டைப் பிடித்திருக்கும் கொடி போனால் மேடும் போகும்.

எப்போது போவது? பாலைவனத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வறண்ட காற்று வெப்பத்தைப் பிடித்து வைக்காததால் இரவு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், கம்பளி தேவை. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவான அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில், கோடையில் காலை 10 மணிக்குப் பிறகு தாழ்வான இடங்களில் நடக்க வேண்டாம் என்று பூங்காவே எச்சரிக்கிறது. நம் கரைக்கு மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி நல்லது. சித்திரை, வைகாசியில் இங்கே இரவும் புழுங்கும் என்பதால், பகலில் களைத்த உடம்பு தூக்கத்தில்கூடத் தேறுவதில்லை. அடுத்தடுத்த நாட்களில் நடப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு பழகும். தினமும் வெயிலில் உழைத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் வியர்வை முன்கூட்டியே தொடங்கும், அளவு கூடும், அதில் உப்பு குறையும். குளிரூட்டிய அறையில் சில வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் கழன்றுவிடும். கடலோரத்தில் பிறந்தவர் என்பதற்காக யாரையும் வெயில் விட்டுவிடாது.

கூட நடப்பவர் பேச்சுத் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ அது வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். தோல் ஈரமாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் அப்போதே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலுக்கு நகர்த்தி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதையும் கொடுக்கக் கூடாது. பாலைவனத்தில் இதற்கும் குடிதண்ணீர்தான் செலவாகும். நம் கரையில் கைக்கெட்டும் தூரத்தில் கடல் இருக்கிறது. நீரோட்டம் கடுமையான அரிச்சல்முனையில் இறங்காமல், வாளியிலோ துண்டிலோ மொண்டு மொண்டு ஊற்றலாம். கடல்நீர் தோலைவிடக் குளிர்ச்சியானது. வெப்பத்தை அதுவே நேரடியாக வாங்கிக்கொள்ளும். உப்பு காய்ந்து அரித்தால் பிறகு கழுவிக்கொள்ளலாம்.